ரொமான்டிக்கலின்னா ரொமான்டிக்கா இல்ல

"தே ஆர் ரொமான்டிக்கலி இன்வால்வ்ட்." இப்படி ஒரு வரி படிச்சதும் நெறைய பேருக்கு மனசுல மெழுகுவத்தி, ரோஜாப்பூ, கைகோத்து நடக்குறதுன்னு ஒரு படம் ஓட ஆரம்பிச்சிடும், ஏன்னா ரொமான்டிக்ங்கற சொல்ல நாம ஏற்கனவே தமிழுக்குள்ள எடுத்து வச்சுக்கிட்டோம், "செம ரொமான்டிக்கான ஆளு", "ரொமான்டிக்கா ஏதாவது பேசேன்"னு சொல்லிச் சொல்லி அது ஒரு மூடோட பேராவே ஆயிடுச்சு. ஆனா அந்த வரில மூடும் இல்ல மெழுகுவத்தியும் இல்ல. அந்த ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்குறது காதல் உறவு, தகவல் அவ்ளோதான். அவங்க ஒருத்தருக்கொருத்தர் ஒரு பூ கூட குடுத்திருக்க மாட்டாங்க, நாள் முழுக்க சண்டை போட்டுக்கிட்டே கூட இருப்பாங்க, அப்பவும் அவங்க ரொமான்டிக்கலி இன்வால்வ்ட் தான்.

நான் சப்டைட்டில் மொழிபெயர்க்குற வேலைல இருக்கேன், அதனால ரொமான்டிக்கலிங்கற இந்த ஒரு சொல்லோட அடிக்கடி மல்லுக்கட்ட வேண்டியிருக்கு. பாக்க ரொம்ப சாதுவான சொல்லு. டிக்ஷனரில தேடுனா "காதலுடன்", "காதலாக"ன்னு போட்டிருப்பாங்க, அத அப்படியே தூக்கி "அவர்கள் காதலுடன் ஈடுபட்டுள்ளனர்"னு எழுதினா படிக்கிறவங்களுக்கு ஒண்ணுமே புரியாது. எதுல ஈடுபட்டாங்க? அதனாலதான் இதப் பத்தி கொஞ்சம் விரிவாவே எழுதணும்னு ரொம்ப நாளா ஒரு ஆசை.

இந்த சொல்லுக்கு ரெண்டு வேலை இருக்கு. ஒண்ணு, ஒரு செயல் எப்படி நடந்துச்சுன்னு சொல்றது. "ஹி ஸ்மைல்ட் ரொமான்டிக்கலி"ன்னா அவன் சிரிச்ச விதத்துலயே காதல் தெரிஞ்சுதுன்னு அர்த்தம், "ரொமான்டிக்கலி லிட் ரூம்"னா அந்த ரூம்ல வெளிச்சம் போட்டிருந்த விதம் அப்படி. இங்க நம்ம "ரொமான்டிக்கா" அழகா பொருந்திடும். இன்னொரு வேலைதான் முக்கியமானது, நிஜத்துல அதிகமா கண்ணுல படுறதும் அதுதான்: எந்த வகைலன்னு எல்லை போட்டுக் காட்டுறது. பைனான்ஷியலி, பொலிட்டிக்கலி, எமோஷனலி எல்லாம் இருக்குல்ல, அதே வரிசைல நிக்கிற சொல்லு இது. "பைனான்ஷியலி டிபென்டென்ட்"னா பணக்கார ஸ்டைல்ல சார்ந்திருக்காங்கன்னா அர்த்தம்? பண விஷயத்துல சார்ந்திருக்காங்க, அதே மாதிரி ரொமான்டிக்கலி இன்வால்வ்ட்னா காதல் விஷயத்துல சம்பந்தப்பட்டிருக்காங்க.

தமிழ்ல இந்த ரெண்டாவது வேலைக்குன்னே ஒரு சொல்லு ரெடியா இருக்கு, "ரீதியா". பொருளாதார ரீதியா, மனரீதியா, உடல்ரீதியா, சட்டரீதியா. அதனால உங்களுக்கு சந்தேகம் வந்தா அந்த இடத்துல "காதல் ரீதியா"ன்னு போட்டுப் பாருங்க, வாக்கியம் நின்னுச்சுன்னா அது எல்லை போடுற ரொமான்டிக்கலி, நிக்கலன்னா அது விதத்தச் சொல்றது. "காதல் ரீதியா சிரிச்சான்"னு யாரும் சொல்ல மாட்டாங்க. "காதல் ரீதியா அவங்களுக்குள்ள எதுவும் இல்ல"ன்னா கொஞ்சம் செய்தித்தாள் வாடை அடிக்கும், ஆனா புரியும். வாக்கியத்துல சொல்லு உக்காந்திருக்குற இடமும் காட்டிக் குடுக்கும். எல்லை போடும்போது பெரும்பாலும் இன்வால்வ்ட், இன்ட்ரஸ்டட், அட்ராக்டட் மாதிரி சொல்லுக்கு முன்னாடி ஒட்டிக்கிட்டு வரும், இல்லன்னா வாக்கியத்தோட தலைலயே ஒரு கமாவோட வந்து உக்காந்துக்கும். விதத்தச் சொல்லும்போது பெரும்பாலும் வினைக்குப் பின்னாடி வரும்.

சரி, இங்கிலீஷ்காரங்களுக்கு இப்படி எல்லை போட்டுக் காட்ட வேண்டிய தேவை ஏன் வந்துச்சு? எனக்குத் தோணுற காரணம், அவங்க லவ்ங்கற ஒத்த சொல்லையே எல்லாத்துக்கும் வச்சிருக்காங்க. அம்மா மேல லவ், நாய்க்குட்டி மேல லவ், மழை மேல லவ், கட்டிக்கப் போறவங்க மேலயும் அதே லவ். நம்மகிட்ட பாசம், அன்பு, பிரியம், காதல்னு தனித்தனியா இருக்குறதால பேர்ச்சொல்ல மாத்துனாலே வேலை முடிஞ்சிடும். பழைய நூல்கள்ல காதலன்னா மகன்னும் ஒரு அர்த்தம் உண்டு, அதாவது காதல்ங்கற சொல்லும் ஒரு காலத்துல அகலமாதான் இருந்திருக்கு, அப்புறம்தான் சுருங்கி இன்னிக்கு இருக்குற இடத்துக்கு வந்து நின்னுச்சு. ஆனா பேச்சுல நாம காதல்ங்கற சொல்ல எங்க பயன்படுத்துறோம்? "எனக்கு உன்ன பிடிக்கும்"னுதான் சொல்றோம். இந்தப் பிடிக்கும் இருக்கே, இது லவ் மாதிரியே அகலம். மழையும் பிடிக்கும், அத்தையும் பிடிக்கும், அவனையும் பிடிக்கும். அப்போ நமக்கும் ஒரு எல்லைச் சொல்லு தேவைப்படும்ல? அது என்னன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தப்பதான் எனக்குப் பட்டுச்சு, நாம அதுக்கு "அப்படி"ன்னு சொல்றோம்.

"எனக்கு அவள ரொம்ப பிடிக்கும், ஆனா அப்படி இல்ல." "நான் உன்ன அப்படி பாக்கல." "அவங்க அப்படி எல்லாம் பழகலப்பா." எத்தன தடவ கேட்டிருப்போம், சொல்லியிருப்போம். அந்த "அப்படி"தான் தமிழோட ரொமான்டிக்கலி. இங்கிலீஷ்லயும் பேச்சு வழக்குல இதே ஒளிவு இருக்கு, "ஐ டோன்ட் சீ யூ தட் வே"ன்னுதான் சொல்வாங்க, தட் வேன்னா எந்த வே? ரெண்டு பேருக்கும் தெரியும்ங்கற நம்பிக்கைல விட்டுடுறது. ரொமான்டிக்கலிங்கற சொல்லு வேலைக்கு வர்றது அந்த நம்பிக்க இல்லாத இடத்துலதான். அப்படின்னு மட்டும் சொல்லி விட்டா எதிர்ல இருக்குறவங்க வேற மாதிரி எடுத்துக்க வாய்ப்பிருக்குன்னு தெரியுறப்போ, விஷயத்த பேர் சொல்லியே சொல்லிடணும்னு நெனைக்கிறப்போ.

என் ஃப்ரெண்ட் ஒருத்தி விஷயத்துல இது நடந்துச்சு. அவளுக்கு ரொம்ப பிடிச்ச ஒருத்தர்கிட்டேர்ந்து ஒரு மெசேஜ், "ஐ கேர் அபௌட் யூ டீப்லி, ஜஸ்ட் நாட் ரொமான்டிக்கலி"ன்னு. அவ அத எப்படி படிச்சிருக்கான்னா, எனக்கு உன் மேல ஆழமான அக்கறை இருக்கு, ஆனா எனக்கு ரொமான்டிக்கா எல்லாம் நடந்துக்க வராது, அப்படின்னு. அதாவது பூ வாங்கித் தர்ற டைப் இல்லங்கறாரு, பரவால்ல எனக்கும் அதெல்லாம் தேவையில்லன்னு சந்தோஷமா காத்துக்கிட்டு இருந்திருக்கா. அவரு சொன்னது அதுக்கு நேர் எதிரு, அவரு மறுத்திருக்காரு, அதுவும் எவ்ளோ மரியாதையா, எவ்ளோ சந்தேகத்துக்கு இடமில்லாம மறுக்க முடியுமோ அப்படி. அவ மெசேஜ காட்டி "பாரு, டீப்லின்னு போட்டிருக்காரு"ன்னு சொன்னப்போ எனக்குப் பேச்சே வரல. மெதுவா சொன்னேன். அன்னிக்கு அவ அழுததுக்கு காரணம் ஒரு சொல்லு இல்ல, எனக்குத் தெரியும், ஆனாலும் அந்தச் சொல்லு முதல் நாளே சரியா போய்ச் சேந்திருந்தா அவ்ளோ நாள் காத்திருப்பு மிச்சமாயிருக்கும்ங்கறது இப்ப நெனச்சாலும் மனசு கனக்குது.

இதுல இன்னொரு விஷயம், ரொமான்டிக்கலி தனியா வர்றது கொறவு, பக்கத்துல யாரு இருக்காங்கங்கறத வச்சுத்தான் அர்த்தம் முழுசாகும். இன்வால்வ்ட் வந்தா ரெண்டு பக்கமும் சேந்தது, உறவு நடந்துக்கிட்டு இருக்கு. இன்ட்ரஸ்டட் வந்தா ஒரு பக்கம் மட்டும்தான் உறுதி, எதிர்ப்பக்கத்துக்கு விஷயமே தெரியாமக் கூட இருக்கலாம். அட்ராக்டட்டும் அப்படித்தான், ஈர்ப்பு இருக்கு, அதுக்கு மேல எதுவும் சொல்லல. அட்டாச்ட்னா ஏற்கனவே ஒருத்தரோட இருக்காங்க. லிங்க்ட்தான் எல்லாத்துலயும் தனி ரகம். "ரொமான்டிக்கலி லிங்க்ட்"னு பத்திரிகைல வந்தா, அவங்களுக்குள்ள காதல்னு பத்திரிகை சொல்லல, அவங்கள சேத்துப் பேசுறாங்கன்னு சொல்லுது. யாரு சேத்தா? அந்த வாக்கியத்துல ஆளே இருக்காது. நம்ம கிசுகிசுல "இணைத்துப் பேசப்படுகிறார்"னு எழுதுவாங்களே, அச்சு அசல் அது. இத "காதலிக்கிறார்கள்"னு மொழிபெயர்த்தா தப்பு மட்டும் இல்ல, அது ரெண்டு உயிருள்ள மனுஷங்களப் பத்தி நாம பொறுப்பில்லாம சொல்ற விஷயமாயிடும். இந்த ஒரு இடத்துல நான் ரொம்ப கறாரா இருப்பேன்.

அதே மாதிரி இந்தச் சொல்லு எத சொல்லலைங்கறதையும் கவனிக்கணும். கல்யாணம் ஆச்சா, ஆகப்போகுதா, எவ்ளோ நாள் நிக்கும், எதுவும் சொல்லல. ராபர்ட் ஸ்டெர்ன்பர்க்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் 1986ல காதல முக்கோணமா பிரிச்சாரு, நெருக்கம், வேட்கை, கடைசிவர கூட இருக்கணும்ங்கற உறுதி, இந்த மூணும் எந்தெந்த அளவுல கலக்குதோ அத வச்சு காதலோட வகை மாறும்னு. அதுல ரொமான்டிக் லவ்னு அவரு பேர் வச்சது நெருக்கமும் வேட்கையும் மட்டும் இருந்து அந்த உறுதி இன்னும் வராத வகைக்கு, மூணும் இருந்தா அதுக்கு வேற பேரு. பேச்சு மொழில அவ்ளோ துல்லியமா யாரும் பிரிக்கிறதில்ல, ஆனா ரொமான்டிக்கலி இன்வால்வ்ட்னு படிச்ச உடனே "அப்போ கல்யாணம் எப்போ"ன்னு போயிடக் கூடாதுங்கறதுக்கு இந்தப் பிரிப்பு உதவும். உடல் உறவையும் இந்தச் சொல்லு நேரா சொல்றதில்ல. அதனாலதான் சில இடங்கள்ல "ரொமான்டிக்கலி ஆர் செக்ஷுவலி"ன்னு ரெண்டையும் தனித்தனியா எழுதுறாங்க. ஏரொமான்டிக்னு தன்ன சொல்லிக்கிறவங்களுக்கு இந்தப் பிரிவு ரொம்ப முக்கியம், மத்தவங்க மேல காதல் ஈர்ப்பு வராது இல்ல ரொம்ப அபூர்வமாதான் வரும், ஆனா அன்பு, நட்பு, பாசம் எல்லாம் நெறஞ்சு இருக்கும், அத சொல்ல அவங்களுக்கு இந்த எல்லைச் சொல்லு இல்லன்னா வேற வழியில்ல.

இதோட பூர்வீகம் எனக்கு ரொம்ப பிடிச்ச கதை. லத்தீன் மக்கள் வாய்ல உருமாறிக்கிட்டு இருந்த காலத்துல "ரோமானிசே"ன்னு ஒரு சொல்லு இருந்துச்சு, ரோமானிய வழக்குலன்னு அர்த்தம், அதாவது படிச்சவங்க எழுதுற லத்தீன்ல இல்லாம சனங்க பேசுற பேச்சுல. அதுவே ஒரு வினையடை, பேசுறது எழுதுறது எப்படின்னு சொல்ற சொல்லு. அதுலேர்ந்து பழைய பிரெஞ்சுல "ரொமான்ஸ்"னு வந்து முதல்ல மக்கள் மொழிக்குப் பேராச்சு, அப்புறம் அந்த மொழில எழுதுன கதைகளுக்குப் பேராச்சு. அந்தக் கதைகள் என்னன்னா வீரன், குதிரை, சாகசம், எட்டாத இடத்துல இருக்குற ஒரு சீமாட்டி மேல பக்தி மாதிரி ஒரு காதல், 12ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு அரசவைகள்ல இதுக்கு அவ்ளோ மவுசு. கதைல இருந்த சாகசம் கொஞ்சம் கொஞ்சமா உதிர்ந்து போய் கடைசில காதல் மட்டும் சொல்லோட தங்கிடுச்சு. ஒரு வினையடை பேர்ச்சொல்லாகி, அது உரிச்சொல்லாகி, திரும்ப லி ஒட்டி வினையடையா வந்து நிக்குது, சனங்க பேச்சுலன்னு கிளம்புன சொல்லு காதல் விஷயத்துலன்னு வந்து சேர எத்தனையோ நூறு வருஷம். பிரெஞ்சுலயும் ஜெர்மன்லயும் இன்னிக்கும் ரோமான்னா நாவல்தான். ரொமான்ஸ் லாங்குவேஜஸ்னா காதல் மொழிகள்னு நெனைக்கிறவங்க இருக்காங்க, இல்ல, லத்தீன்லேர்ந்து பொறந்த பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலியன், போர்ச்சுகீஸ், ருமேனியன் இதெல்லாம் தான் அது.

சொல்லு அங்கேர்ந்து வந்ததால அந்த உணர்வும் அங்கேர்ந்துதான் வந்துச்சு, ரொமான்டிக் லவ்ங்கறதே ஐரோப்பாக்காரங்க கண்டுபிடிச்சதுன்னு சிலர் அடிச்சுப் பேசுவாங்க. அது எனக்கு ஒப்பல. வில்லியம் ஜான்கோவியாக், எட்வர்ட் ஃபிஷர்னு ரெண்டு மானுடவியலாளர்கள் 1992ல 166 சமூகங்களப் பத்தின பதிவுகள எடுத்துப் பாத்ததுல 147ல காதலுக்கு ஆதாரம் கெடச்சுது, மிச்சத்துலயும் காதலே இல்லன்னு நிரூபணம் ஆகல, பதிவு போதலங்கறதுதான் அவங்க நெனச்சது. சங்கப் பாட்டு படிச்சவங்களுக்கு இத யாரும் எண்ணிக் காட்ட வேண்டியதே இல்ல.

ரொமான்டிக்கலிக்கு காதலோட சம்பந்தமே இல்லாத ஒரு அர்த்தமும் இருக்கு. 1798ல வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் சேந்து கவிதைத் தொகுப்பு போட்டப்போ இங்கிலாந்துல ஒரு இலக்கியக் காலம் ஆரம்பிச்சுதுன்னு சொல்வாங்க, அதுக்குப் பேரு ரொமான்டிக் காலம், அவங்க காதல் கவிஞர்கள்னு அர்த்தம் இல்ல, இயற்கை, கற்பனை, தனி மனுஷனோட உணர்ச்சி இதுக்கெல்லாம் முதல் எடம் குடுத்தவங்க. அந்த வழில "ஹி ரொமான்டிக்கலி இமேஜின்ட் வார்"னு வந்தா, போர நெசத்த விட அழகா, வீரமா கற்பன பண்ணிக்கிட்டான்னு அர்த்தம். இங்க காதல்னு போட்டுட்டா வாக்கியம் முழுசா கவுந்துடும்.

கூடப் பொறந்த மாதிரி தெரியுற மத்த சொல்லுங்களயும் கொஞ்சம் சொல்லிடுறேன். லவிங்லி அன்போடங்கறது, கொழந்தைய தூங்க வைக்கிறதுக்கும் வரும், பழைய வீட்ட பாத்துப் பாத்து புதுப்பிக்கிறதுக்கும் வரும், "லவிங்லி ரெஸ்டோர்ட்"னு. பேஷனேட்லின்னா உணர்ச்சி பொங்க, அது காதலுக்கும் வரும் வாதாடுறதுக்கும் வரும். மேட்லி, ஹோப்லெஸ்லி எல்லாம் காதல் எவ்ளோங்கற அளவுதான், ஹோப்லெஸ்லி இன் லவ்னா நம்பிக்கை இழந்த காதல் இல்ல, மீளவே முடியாத அளவுக்கு விழுந்துட்ட காதல். ஃபாண்ட்லி இன்னிக்கு பிரியமா, ஆசையா நெனச்சுப் பாக்குறதுக்கு, ஆனா ஃபாண்ட்ங்கற சொல்லுக்கு பழைய இங்கிலீஷ் எழுத்துல முட்டாள்தனம்ங்கற அர்த்தம் இருந்துச்சு.

அமரஸ்லிகிட்ட மட்டும் ஜாக்கிரதையா இருங்க. லத்தீன்ல அமோர்னா காதல், வேர் என்னவோ அழகான வேருதான், ஆனா இன்னிக்கு அமரஸ்லின்னா உடம்போட ஆசை தெரியுற பார்வை, தொடுகை. "அவள அமரஸ்லி பாத்தான்"ங்கறத காதலோட பாத்தான்னு எழுதினா சூடு கொறஞ்சு போயிடும், காமத்தோட பாத்தான்னு எழுதினா இன்னிக்குத் தமிழ்ல அவன் வில்லனாயிடுவான். ஏன்னா நம்மகிட்டயும் இதே சரிவு நடந்திருக்கு. சங்கப் பாட்டுல காமம்னா முழுக் காதல், வள்ளுவர் 250 குறள் எழுதுன மூணாம் பாலுக்குப் பேரும் அதுதான், ஆனா இன்னிக்கு அந்தச் சொல்ல சபைல சொல்லக் கூட தயங்குறோம். நான் பெரும்பாலும் "ஆசையா பாத்தான்"னு போடுறேன், சில சமயம் "கிறக்கமா".

எதிர்ப்பதம் பிளேட்டானிக்கலி. 15ஆம் நூற்றாண்டு இத்தாலில மார்சிலியோ ஃபிசினோங்கற அறிஞர் பிளேட்டோவ படிச்சு விளக்கம் எழுதுனப்போ பொறந்த "பிளேட்டானிக் லவ்"ங்கற தொடர்லேர்ந்து வந்தது, அப்போ அது ஆன்மா மேல மேல ஏறிப் போற காதல், இப்போ சும்மா நட்பாதான் பழகுறோம்ங்கறதுக்கு வந்து நிக்குது.

ஸ்பெல்லிங்ல ஒண்ணே ஒண்ணு, இக்ல (-ic) முடியுற உரிச்சொல்லுங்களுக்கு வெறும் லி (-ly) போடாம அலி (-ally) போடணும், பப்ளிக்லி தான் பெரிய விதிவிலக்கு, பேசும்போது அந்த அ காணாமப் போய் ரொமான்டிக்லின்னே காதுல விழும்.

கடைசியா பேச்சு வழக்கு. இங்கிலீஷ் பேசுறவங்க யாரும் நண்பர்கள்கிட்ட "வி ஆர் ரொமான்டிக்கலி இன்வால்வ்ட்"னு சொல்லிக்க மாட்டாங்க, டேட்டிங், டுகெதர், சீயிங் ஈச் அதர் இப்படித்தான் சொல்வாங்க. இன்வால்வ்டோட வர்ற ரொமான்டிக்கலி ஆபீஸ் விதிமுறைல, கோர்ட்ல, செய்தில, வக்கீல் கேக்குற கேள்வில வர்ற தொனி. அதனால சப்டைட்டில்ல போலீஸ்காரர் சாட்சிகிட்ட "வேர் யூ ரொமான்டிக்கலி இன்வால்வ்ட் வித் ஹிம்?"னு கேட்டா நான் "அவரும் நீங்களும் காதலிச்சீங்களா?"ன்னு போடுறேன், வினையடைய தூக்கிட்டு வினைச்சொல்லாவே ஆக்கிடுறேன், தமிழுக்கு அதுதான் இயல்பு. மறுக்குற வசனத்துல மட்டும் "அப்படி"ய நம்புறதில்ல. "உன்ன ரொம்ப பிடிக்கும், ஆனா அது காதல் இல்ல"ன்னு நீட்டியே எழுதிடுறேன், திரைல ரெண்டு வரி ஆனாலும் சரி.